அண்ணன் வண்டியை யார் சாய்ப்பது?

கொல்லம் ஆண்டு 1128 ஐப்பசி 5, செவ்வாய்

விடியற்காலமே மழை. பூதப்பாண்டியில் பஸ் ஏறி நாகர்கோவில் போய்ச் சேருவதற்குள் வேட்டி முழங்கால் வரை சேறு. பக்கத்தில் இருந்தவருடைய ஆட்டுக்குட்டி வழியெல்லாம் என் மடியில்.

அச்சகத்தில் வேலை இல்லை. தீபாவளி நோட்டீஸ் எல்லாம் முடிந்தது. ஒரு கருமாதிக் கடுதாசி, ஒரு ஏல அறிவிப்பு, அவ்வளவுதான். முதலாளி ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

"சுசீந்திரம் தேருக்கு விக்கதுக்கு புதுசா ஏதாவது அடிக்கணும்டே. வருஷா வருஷம் கலண்டரு. சனங்களுக்கு மடுத்துப் போச்சு."

என் வாய் சும்மா இருக்குமா. "ஒரு ஆட்டம் உண்டாக்கித் தாறேன் முதலாளி. தாளில அடிச்சு, கூட ஆறு சோழியும் போட்டு விக்கலாம்" என்று சொல்லிவிட்டேன். தாயம் மாதிரி, ஆனால் தாயம் இல்லை. களத்திலிருந்து நெல் வண்டி, நெல் கொட்டி வைக்கிற பத்தாயத்துக்குப் போகிற ஆட்டம். சொல்லும்போது தோன்றியதுதான். அதற்கு முந்தின நிமிஷம் வரை தலையில் ஒன்றும் கிடையாது.

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். "கார்த்திகை ஒண்ணாந் தேதி ஞாயித்துக்கிழமை. எனக்க வீட்டில வந்து ஆடிக் காட்டு. ஒரு மணிக்கூருல முடியணும். அடிபிடி வரப்பிடாது. ஜெயிக்கப்போறது ஆருன்னு பாதியிலயே தெரியவும் பிடாது. மூணும் செரியானா அடிப்போம். உனக்க பேரும் போடுவோம்."

பேர்! பதினாலு வருஷமாக எழுத்துக் கோக்கிறேன். கல்யாணம், கருமாதி, காது குத்து, கூட்ட நோட்டீஸ். ஊரிலுள்ள அத்தனை பேர் பேரையும் கோத்தாயிற்று. என் பேரை ஒரு தடவைகூடக் கோத்ததில்லை. என் கல்யாணத்துக்கு அச்சடித்த கடுதாசிகூடக் கிடையாது, வெற்றிலை வைத்து அழைத்ததுதான்.

இருபத்தாறு நாள் இருக்கிறது.

ஐப்பசி 6, புதன்

பழைய கலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் கோடு போட்டேன். ஸ்கேல் இல்லை, எழுத்துக் கோக்கிற பித்தளைக் கம்பியை வைத்தே.

சட்டம்:
கட்டம் 72. களத்தில் தொடங்கி பத்தாயத்தில் முடிவு. எல்லாருக்கும் ஒரே பாதை.
நாலு பேர். ஆளுக்கு நாலு வண்டி (புளியங்கொட்டை, குன்றிமணி, நெல்லிக்கொட்டை, உடைந்த வளையல்).
ஆறு சோழி. எத்தனை மலர்ந்ததோ அத்தனை கட்டம். ஆறும் கவிழ்ந்தால் பன்னிரண்டு.
மடை உடைப்பு 9 இடம்: பத்து கட்டம் பின்னால்.
அச்சு முறிவு 5 இடம்: ஒரு முறை சும்மா இருக்கணும்.
இன்னொருத்தர் வண்டி நிற்கிற கட்டத்தில் நம் வண்டி சரியாகப் போய் விழுந்தால் அதைச் சாய்க்கலாம். சாய்ந்த வண்டி திரும்பக் களத்துக்கு.
சுமைதாங்கி 4 இடம்: அங்கே நிற்கிற வண்டியைச் சாய்க்கக் கூடாது.
பத்தாயத்தில் நுழையக் கணக்காக விழணும். கூடினால் நுழைய முடியாது.

அருமையாக இருக்கிறது என்று தோன்றுகிறது. என் மனைவி செண்பகம் எட்டிப் பார்த்துவிட்டு, "மாவு அரைக்கியதுக்கு வெள்ளம் கோரித் தாருங்க, பின்னே வண்டி ஓட்டலாம்" என்றாள். குழித்துறைக்காரி. அவள் பேசுவதே பாதி பாட்டுத்தான், அதனால் கோபம் வராது.

குடைக்கம்பி ஒன்று ஒடிந்துவிட்டது. மாற்றணும்.

ஐப்பசி 8, வெள்ளி

முதல் ஆட்டம். நடவு முடிந்ததால் அண்ணனுக்கு வயலில் பெரிய சோலி இல்லை, விளக்கு வைத்ததும் வந்து உட்கார்ந்தார். அண்ணன், அவர் சம்சாரம் மயினி, செண்பகம், நான். தவிர ஒரு நோட்டு. எறிதல், நகர்த்தல் எல்லாம் எழுதி வைக்கிறேன். அச்சுக்கூடத்துப் பழக்கம், எழுதாத காரியம் நடந்த காரியம் இல்லை.

இரண்டரை மணி நேரம். ஒருத்தர்கூட முடிக்கவில்லை. என் வண்டி ஒன்று மடை உடைப்பில் ஐந்து தடவை விழுந்தது. மயினி பத்தாயத்து வாசலில் மூன்றே விழணும் என்று காத்துக் காத்து எழுந்துவிட்டார்.

"இது ஆட்டமா, சாபமா? நெசமான மடையே வருஷத்துல ஒருக்கத்தான் உடையும். சோறு வடிக்கணும், நான் போறேன்."

நியாயம். மயினி சொன்னால் எப்போதும் நியாயம், அதுதான் எரிச்சல்.

ஐப்பசி 10, ஞாயிறு

மாற்றியவை: மடை உடைப்பு 9 இல்லை, 3. அச்சு முறிவு 2. கணக்காக விழணும் என்ற சட்டம் போயே போச்சு, கூடினாலும் நுழையலாம்.

மூன்று ஆட்டம். ஒவ்வொன்றும் ஒன்றேகால் மணிக்குள். பார்க்க ஆசையாக இருந்தது.

ஜெயித்தது: அண்ணன், அண்ணன், அண்ணன்.

அண்ணன் மீசையைத் தடவிக்கொண்டார். "வயலும் ஆட்டமும் ஒண்ணுதாம்லே தாணு. எறங்கும்போதே கரையேறுகதப் பத்தி நெனைக்கணும்." சோழியைக் குலுக்கிப் போடத் தெரிந்தவருக்கெல்லாம் உபதேசம் வந்துவிடுகிறது.

ஐப்பசி 13, புதன்

அண்ணன் எப்போதும் முதலில் எறிகிறார். மூத்தவர், அவர் கையில்தான் சோழியைக் கொடுப்போம். அதுதான் காரணம் என்று கண்டுபிடித்தேன். பெரிய கண்டுபிடிப்பு. இன்றைக்கு அவரைக் கடைசியில் எறிய வைத்தேன்.

ஜெயித்தது: அண்ணன். அண்ணன்.

சுமைதாங்கியை இடம் மாற்றினேன். அண்ணன்.

பல்வலி வேறு. கிராம்பு வைத்திருக்கிறேன்.

ஐப்பசி 15, வெள்ளி

சோழியில்தான் கோளாறு என்று முடிவு செய்து மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அச்சகத்தில் உட்கார்ந்து இருநூறு தடவை எறிந்தேன். சோழி யோக்கியம். ஒரு குறையும் சொல்ல முடியாது. முதலாளி கதவில் நின்று பார்த்துவிட்டுப் போனார். என்ன நினைத்தாரோ.

சாயங்காலம் இரண்டு ஆட்டம். அண்ணன், அண்ணன். முதலாளியின் மூன்றாவது நிபந்தனை ஞாபகம் வந்தது. பாதியில் என்ன, பலகையை விரிக்கும்போதே ஜெயிப்பவர் யார் என்று எங்கள் வீட்டுப் பசுவுக்கும் தெரியும்.

ஐப்பசி 17, ஞாயிறு

நம் வீட்டில் மட்டும்தான் இப்படியோ என்று ஊர் வாசகசாலைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். ஆறு பேர் கூடினார்கள். மூன்று ஆட்டம். இளவட்டங்கள் ஒருத்தன் வண்டியை ஒருத்தன் சாய்ப்பதும், "சவத்த மூதி, எனக்க வண்டியா உனக்கு கெடச்சுது!" என்று கத்துவதும். ஒரே கொண்டாட்டம். நல்ல ஆட்டம் என்று எல்லாரும் சொன்னார்கள்.

மூன்றிலும் ஜெயித்தது வாசகசாலைத் தலைவர். எழுபது வயது. கண் சரியாகத் தெரியாது. எது தன் வண்டி என்று இரண்டு தடவை கேட்டார். அவர் ஜெயித்தார்!

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் புத்தி பேதலித்தது மாதிரி இருந்தது. பதினாலு நாள்தான் மிச்சம். பேசாமல் கலண்டரே அடிக்கட்டும் என்று சொல்லிவிடலாமா.

ஐப்பசி 18, திங்கள்

கிடைத்துவிட்டது! நான் கண்டுபிடிக்கவில்லை. செண்பகம் சொன்னாள். சொன்னாள் என்றுகூட இல்லை, கீரை ஆய்ந்துகொண்டே வாய்தவறி விட்டாள்.

நான் நோட்டை வைத்துப் புலம்பிக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை ஆட்டத்தில் அவளுக்கு ஐந்து விழுந்திருக்கிறது. ஐந்து கட்டம் தள்ளி அண்ணன் வண்டி. அதைச் சாய்த்திருந்தால் ஜெயித்திருப்பாள். அவளோ பின்னால் கிடந்த வேறு வண்டியை ஐந்து கட்டம் நகர்த்தியிருக்கிறாள்.

"ஏன் நீ சாய்க்கல்ல?"

"அத்தானுக்க வண்டியையா?" என்றாள்.

"ஆமா."

"நல்ல கத. அத்தானுக்க வண்டியை நான் சாய்க்கியதா? எனக்க அம்மை கேட்டா கொன்னு போடுவா."

நோட்டை முதலிலிருந்து பார்த்தேன். இதுவரை அண்ணன் உட்கார்ந்த ஆட்டங்கள் ஒன்பது. அவர் வண்டியைச் சாய்க்க வாய்ப்பு வந்தது முப்பத்தாறு தடவை. சாய்த்தது ஒரு தடவைகூட இல்லை. மயினி விட்டது பதினொன்று. புருஷன் வண்டி, சரி. செண்பகம் விட்டது பன்னிரண்டு.

பாக்கி பதின்மூன்று நான் விட்டது. நானே! ஒரு தடவைகூடத் தெரிந்து விடவில்லை. கண் அந்த வண்டியைப் பார்க்கவே இல்லை, பார்த்தாலும் கை வேறு வண்டிக்குப் போயிருக்கிறது. சட்டம் எழுதியவன் நான், நானே ஒழுங்காக ஆடவில்லை. வாசகசாலையிலும் இதே கதைதான், தலைவரின் வண்டியைத் தொட எவனுக்குத் தைரியம்.

மடையைக் குறை, சோழியை எறி என்று பத்து நாள் பாதையைத் தோண்டிக்கொண்டிருந்தேன். ஆட்டத்தில் கோளாறே இல்லை, ஆடுகிற எங்களிடம்தான்.

ஐப்பசி 20, புதன்

மோசமான நாள். எழுதவே மனசு இல்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

முதலில் ஆசை காட்டிப் பார்த்தேன்: சாய்த்தால் இன்னொரு எறிதல் இனாம். மயினி, "எனக்கு எச்சு ஆட்டமும் வேண்டாம், பொல்லாப்பும் வேண்டாம்" என்று விட்டார். அடுத்தது, மூத்தவருக்குக் கஷ்டத்தைக் கூட்டினால் சரியாகும் என்று அண்ணனுக்கு மட்டும் ஐந்து வண்டி கொடுத்தேன்.

"எனக்கு எதுக்குலே அஞ்சு?"

நான் மழுப்பினேன். அவர் விடவில்லை. எனக்குப் பொறுமை போய்விட்டது. "உங்க வண்டிய ஆரும் சாய்க்க மாட்டேங்காங்க அண்ணே. அதனாலதான்."

அண்ணன் கையிலிருந்த சோழியைக் கீழே வைத்தார். "அப்போ நான் ஜெயிச்சதெல்லாம்?"

மயினி விளக்குத் திரியைத் தூண்டினார், அது நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

"அத்தன ஆட்டமும் நீங்க எனக்குப் பிச்சை போட்டதா?" என்று கேட்டுவிட்டு எழுந்து மாட்டுக்கு வைக்கோல் போடப் போய்விட்டார். இந்த நாக்கை அறுத்துப் போட்டால் என்ன. அப்பா போன பிறகு இந்த வீட்டைத் தூக்கி நிறுத்தியவர். அவருக்கு இரண்டு வாரமாக ஒரு சந்தோஷம் இருந்தது, அதையும் பிடுங்கிவிட்டேன்.

ஐப்பசி 22, வெள்ளி

அண்ணன் பேசுகிறார். வயல், மழை, உரம். பலகையை விரித்தால் மட்டும் எழுந்து போகிறார்.

ஆனால் இன்று பஸ்ஸில் ஒன்று நடந்தது, அதை எழுதியே ஆகணும். ஒழுகினசேரி தாண்டும்போது ஆள் கூடிவிட்டது. கண்டக்டர் கணக்குப் பார்த்தார். ஒருத்தர் அதிகம், கடைசியாக ஏறியவர் இறங்கணும். கடைசியாக ஏறியவர் யார் என்றால் கண்டக்டரின் மாமனார்! பெண்ணைக் கொடுத்தவர். கையில் பலகாரப் பானை, மகளைப் பார்க்கத்தான் போகிறார்.

பஸ் முழுவதும் வேடிக்கை பார்த்தது. கண்டக்டருக்கு வேர்த்துக் கொட்டியது. "எறங்குங்க மாமா."

"என்னையாடே எறக்குக?"

"நான் எறக்கல்ல மாமா. சட்டம் எறக்குது. நான் எறக்கல்லேன்னா அடுத்த ஸ்டாப்புல செக்கர் எனக்க சீட்டக் கிழிப்பாரு."

மாமனார் பானையை மருமகன் கையில் கொடுத்தார். "அப்படின்னா செரி. சட்டம்னா என்ன செய்ய. இத மட்டும் அவகிட்ட கொடுத்திரு" என்று இறங்கிப் போனார். முகத்தில் ஒரு கோபமும் இல்லை!

நான் இருக்கையிலிருந்து குதித்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவர், "மூட்டைப்பூச்சியா?" என்று கேட்டார்.

சாய்க்கலாம் இல்லை. சாய்த்தே ஆகவேண்டும். வாய்ப்பு வந்தும் சாய்க்காமல் விட்டால் தன் வண்டியில் முன்னால் நிற்பது களத்துக்குத் திரும்பணும். அவ்வளவுதான். யாரும் யாரையும் சாய்க்கவில்லை, சட்டம் சாய்க்கிறது. இதை யோசிக்கப் பதினேழு நாள்!

ஐப்பசி 24, ஞாயிறு

புதுச் சட்டத்தோடு ஆட்டம். அண்ணன் வரவில்லை. அவருக்குப் பதில் பக்கத்து வீட்டு அத்தை. மயினிக்கே மாமி முறை, வாயைத் திறந்தால் தெருவே ஒதுங்கும்.

செண்பகத்துக்கு மூன்று விழுந்தது. மூன்றாவது கட்டத்தில் அத்தை வண்டி. அவள் என்னைப் பார்த்தாள். நான் சட்டத்தைக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு சாய்த்தாள்.

அத்தை முறைத்தார். மயினி சிரிப்பை அடக்கிக்கொண்டு, "வண்டியும் ஒரு நாள் ஓடத்துல ஏறும், ஓடமும் ஒரு நாள் வண்டியில ஏறும்" என்றார். அத்தை, "ஏறட்டும், ஏறட்டும். எனக்கும் ஒரு காலம் வரும்லா" என்று சோழியைப் பறித்தார். அதற்குப் பிறகு ஒரே போர். ஒருத்தரை ஒருத்தர் சாய்த்துச் சாய்த்து, களத்தில் எப்போதும் பத்து வண்டி. மூன்று பேரும் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

ஆனால் இரண்டே முக்கால் மணி நேரம். முடியவில்லை. ஒரு பக்கம் அடைத்தால் மறு பக்கம் பிய்த்துக்கொள்கிறது. முன்பு யாரும் சாயவில்லை, இப்போது யாரும் கரையேறவில்லை.

பயமில்லை. இது கணக்கு. கணக்கை நான் பார்த்துக்கொள்வேன்.

ஐப்பசி 27, புதன்

மூன்று நாளாக அட்டையும் ரப்பரும்தான். சோற்றில் உப்பு இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை.

கட்டம் 72: நீளம். 60: இன்னும் நீளம். 48: சரி.
வண்டி நாலு: கூட்டம். மூன்று: சரி.
சுமைதாங்கி 4: கொலைக்களம். 12: கோயில் பிராகாரம், தூக்கம் வருகிறது. 8: சரி!
மடை உடைப்பு 3: தேவையே இல்லை, ஆட்களே போதும். ஒன்று மட்டும், பத்தாயத்துக்கு நாலு கட்டம் முன்னால். கடைசியிலும் ஒரு பயம் வேணும்.

நேற்றும் இன்றுமாகப் பக்கத்து வீட்டில் வைத்து ஐந்து ஆட்டம். நேரம்: 55 நிமிஷம், 50, 59, 48, 57. ஜெயித்தது: மயினி, அத்தை, நான், செண்பகம், மயினி. கடைசி எறிதல் வரை யார் என்று ஒரு ஆட்டத்திலும் தெரியவில்லை.

ஐந்தாவது முடிந்ததும் நான் முற்றத்து மழையில் போய் நின்றேன். சும்மா. நனையணும் போலிருந்தது.

ஐப்பசி 29, வெள்ளி

புரூஃப் போட்டேன். சட்டம் பதினொரு வரி. கட்டங்களுக்குப் பித்தளை ரூல். தலைப்பு "பத்தாயம்", இருப்பதிலேயே பெரிய எழுத்தில். அடியில் என் பேர். அதைக் கோக்கும்போது மட்டும் எழுத்துப் பெட்டியில் கை தடுமாறியது.

அண்ணனுக்குக் காலில் முள். மயினி எடுத்தார்.

கார்த்திகை 1, ஞாயிறு

முதலாளி வீடு. காலை பத்து மணி. முதலாளி, அவர் சம்சாரம், சம்சாரத்தின் தம்பி, அச்சகத்துக் கணக்கப்பிள்ளை. நான் ஓரமாகக் கடிகாரத்தோடு.

கணக்கப்பிள்ளைக்கு நாலு விழுந்தது. நாலாவது கட்டத்தில் முதலாளி வண்டி. பாவம், மனுஷன் வெளிறிப் போனார். இருபது வருஷச் சம்பளம் கண்முன் வந்திருக்கும். சட்டத்தை இரண்டு தடவை சத்தமாக வாசித்தார், முதலாளி காதில் விழட்டும் என்று. பிறகு ஒற்றை விரலால், ஏதோ பூச்சியைத் தள்ளுவது போல, சாய்த்தார்.

முதலாளி, "ம்" என்றார்.

அடுத்தது அவர் சம்சாரம். முதலாளி முன்னால் நின்றுகூடப் பேசாத அம்மாள். இரண்டு விழுந்தது, அங்கேயும் முதலாளி வண்டி. முதலாளி மெதுவாக, "அத விடு, அந்த வண்டியை நவுத்து" என்று வேறு ஒன்றைக் காட்டினார். அந்த அம்மாள் பலகையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "விட்டா எனக்க வண்டில்லா களத்துக்குப் போகும்" என்று சொல்லிச் சாய்த்தார். கணக்கப்பிள்ளையைப் போல ஒற்றை விரல் இல்லை. கையால்.

54 நிமிஷம். ஜெயித்தது அந்த அம்மாள். முதலாளி மூன்றாவது. எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

தோற்றது அவரா, நானா? பஸ்ஸில் இடம் இருந்தும் உட்காரத் தோன்றவில்லை.

கார்த்திகை 2, திங்கள்

முதலாளி தாமதமாக வந்தார். முகம் கடுகடு. நேரே என் பெட்டிப் பக்கம்.

"நீ எனக்க குடும்பத்தக் கெடுத்துட்டலே தாணு."

கோத்துக்கொண்டிருந்த எழுத்தைக் கீழே வைத்தேன்.

"காலம்பற காப்பி கேட்டேன். ஒரு ஆட்டம் வந்தாத்தான் காப்பின்னு இருக்கா. நானும் ஆடினேன். தோத்தேன். ஆறிப்போன காப்பி தந்தா." புரூஃபை என் மேசையில் எறிந்தார். "ஆயிரம் அடி. தேருக்கு முந்தி போதாம வரும், அப்பம் பாக்கலாம். பின்னே, பதினாலு வருஷ சர்வீஸுக்காரன் உனக்க பேரையே தப்பாக் கோத்திருக்கியே, நாணமா இல்லியா?"

பார்த்தேன். "தணு"! துணைக்கால் எங்கே போயிற்றோ. முதலாளி, கணக்கப்பிள்ளை, நான் மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் எதிர்க் கடைக்காரர் வந்து என்ன என்று கேட்டார்.

ஜெயித்துவிட்டேன். ஜெயித்துவிட்டேன். இன்னொரு தடவையும் எழுதலாம், ஆனால் தாள் வீண்.

கார்த்திகை 6, வெள்ளி

முதல் நூறு தாள் காய்ந்துவிட்டது. ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மயினி தொட்டுக் கும்பிட்டார். செண்பகம் என் பேரைத் தடவிப் பார்த்து, "மை ஒட்டுது" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது, மையின்மேல் பழி.

விளக்கு வைத்ததும் விரித்தேன். அண்ணன் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை எழுந்து போகவில்லை. தாளைக் கையில் எடுத்து ஒவ்வொரு வரியாக வாசித்தார்.

"'சாய்க்க முடிந்தால் சாய்த்தே ஆகவேண்டும்.' இது எல்லாருக்கும் உள்ளதா?"

"எல்லாருக்கும்தான் அண்ணே."

"எனக்க வண்டிக்கும்?"

"உங்க வண்டிக்கும்."

கயிற்றை வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

ஐம்பது நிமிஷம் யாரும் வெற்றிலைகூடப் போடவில்லை. நான் அவரைச் சாய்த்தேன், அவர் என்னை இரண்டு தடவை சாய்த்தார். அவருக்கு இரண்டு வண்டி பத்தாயத்தில். மூன்றாவது வாசலுக்கு ஆறு கட்டம் முன்னால். செண்பகத்துக்கும் இரண்டு உள்ளே. அவள் எறிந்தாள். ஐந்து. சரியாக அண்ணன் வண்டி. சாய்த்தாள்.

"ஏட்டி செண்பகம்! வாசல்ல வச்சா சாய்க்க!"

மயினி நிமிர்ந்து பார்த்தார். நானும். கல்யாணமாகி ஒன்பது வருஷம். அண்ணன் அவளிடம் நேரே ஒரு சொல் பேசி நாங்கள் கேட்டதில்லை. தம்பி பெண்டாட்டியிடம் மூத்தவர் பேசுவது எங்கள் வீட்டு வழக்கமில்லை. வெந்நீர் வேண்டுமென்றாலும் தூணைப் பார்த்துத்தான் சொல்வார். அவள் பேர் அவருக்குத் தெரியும் என்பதே இன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"சட்டம்லா அத்தான்" என்றாள் செண்பகம், தலையைக் குனிந்துகொண்டு. உதட்டில் சிரிப்பு.

"நிக்கட்டும், நிக்கட்டும். நானும் வாறேன்." களத்திலிருந்து மறுபடி கிளப்பினார். அவளுக்கு ஒன்று, இரண்டு என்று விழுந்துகொண்டே இருந்தது, போதாததற்குக் கடைசி மடை உடைப்பிலும் விழுந்து பத்து கட்டம் பின்னால் போனாள். அண்ணனுக்கு ஆறும் கவிழ்ந்தது. பன்னிரண்டு! மறுபடியும் பன்னிரண்டு! அடுத்தடுத்து ஐந்து, ஆறு, ஆறு. அவளைத் தாண்டிப் போய் நாலு கட்டம் முன்னால் நின்றார். அவளுக்கு நாலு விழுந்தால் அவர் திரும்பக் களத்துக்கு. எறிந்தாள். விழவில்லை. அண்ணன் விறுவிறுவென்று பத்தாயத்தில் ஏறினார்.

ஜெயித்தது: அண்ணன்.

அவர் பலகையைப் பார்த்தார், சோழியைப் பார்த்தார். பிறகு நேராக அவளையே பார்த்துக் கேட்டார், "வேணும்னு விட்டியா?"

"இல்ல அத்தான். நாலு விழுந்திருந்தா சாய்ச்சிருப்பேன். மூணுல்லா விழுந்துது."

மூணுதான் விழுந்தது. நானும் பார்த்தேன்.